ஆங்கிலம் அறிவோம்: 'ஸ்ட்ரகிள்' என்ற சொல்லும் அதன் சொந்தக்காரர்களும்



இந்த மாதம் நம் சுவர் இதழில் 'ஆங்கிலம் அறிவோம்' பகுதியை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் நிறைய வார்த்தைகளைக் கொட்டப் போவதில்லை. ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுதான் 'ஸ்ட்ரகிள்'. எஸ், டி, ஆர், யு, ஜி, ஜி, எல், இ. மொத்தம் 8 எழுத்து. நடுவில் 'ஜி' இரண்டு தடவை வரும், மறந்துடாதீங்க.

ஏன் இந்தச் சொல்? சமூக அறிவியலில் 'ஃப்ரீடம் ஸ்ட்ரகிள்' என்று வருகிறது. அறிவியலில் டார்வின் பற்றிப் படித்தால் அங்கேயும் வருகிறது. இங்கிலீஷ் பாடத்துக் கதையில் யாராவது கஷ்டப்பட்டால் அங்கேயும் இதுதான் நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் 'போராடு' என்று ஒரே வார்த்தையில் பொருள் போட்டிருக்கும். நாமும் அதை அப்படியே மனப்பாடம் பண்ணிடுறோம். ஆனா எல்லா இடத்துக்கும் 'போராடு' பொருந்துமா? பாட்டி ஊசியில் நூல் கோர்க்கக் கஷ்டப்படுவதற்கும் 'ஸ்ட்ரகிள்'தான். அதை 'பாட்டி நூல் கோர்க்கப் போராட்டம் நடத்தினார்' என்று எழுதினால், பாட்டி கையில் கொடி பிடித்துக் கோஷம் போட்ட மாதிரி ஆயிடும்!

ஆங்கில வார்த்தைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். சின்ன வகுப்புத் தம்பி தங்கச்சிங்களும் நின்னு வாசிக்கணும் என்பதுதான் காரணம்.

1. மஞ்சளும் சொல்லும்

ஒரே மாதிரி பொருள் தரும் சொற்களை இங்கிலீஷில் 'சினானிம்' என்கிறார்கள். தமிழில் ஒத்த சொல். 'ஒத்த' என்றால் முழுக்க ஒண்ணுதான் என்று அர்த்தமில்லை. இதை விளக்க நம்ம ஊர் மஞ்சளை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்ம ஊர் மஞ்சள் ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காலி என்று தனித்தனியாகப் பிரித்து வைப்பார்கள். எல்லாம் மஞ்சள்தான். ஒரே காட்டில் வெட்டியது, ஒரே களத்தில் காய்ந்தது. ஆனாலும் யாரும் மூன்றையும் ஒரே மூட்டையில் கொட்டி ஒரே விலை கேட்க மாட்டார்கள். சொற்களும் அப்படித்தான் நண்பர்களே. 'ஸ்ட்ரகிள்', 'ஸ்ட்ரைவ்', 'டாயில்' எல்லாமே கஷ்டப்படுகிற சொற்கள்தான். ஆனா ரகம் வேற. எந்த இடத்துக்கு எந்த ரகம் என்று தெரிந்தால்தான் வாக்கியம் நல்லா இருக்கும்.

2. சொல்லின் பிறப்பும் உச்சரிப்பும்

'ஸ்ட்ரகிள்' என்ற சொல் இங்கிலீஷில் 600 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. இதன் கடைசியில் 'எல், இ' என்று ஒரு வால் இருக்கிறது அல்லவா? அந்த வால் பல சொற்களில் 'திரும்பத் திரும்பச் செய்வது' என்ற பொருளைக் கொடுக்கும். 'ஸ்பார்க்' என்றால் ஒரு பொறி. 'ஸ்பார்கிள்' என்றால் மறுபடி மறுபடி பொறி பறப்பது, அதாவது மின்னுவது. சின்ன வயசில் பாடிய 'ட்விங்கிள்' கூட அதே வால்தான். நம்ம தமிழில் 'மினுமினு', 'துடிதுடி' என்று இரட்டையாகச் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலையை அங்கே இந்த வால் செய்கிறது. 'ஸ்ட்ரகிள்' என்பதிலும் ஒரு தடவை முயற்சி பண்ணிவிட்டு உட்கார்ந்துவிடுகிற அர்த்தம் கிடையாது. மறுபடி, மறுபடி, மறுபடி.

அடுத்து உச்சரிப்பு. நம்மில் பல பேர் 'இஸ்ட்ரகிள்' என்று சொல்கிறோம். 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்பதும் இதே மாதிரிதான். இதற்குச் சிரிக்க வேண்டியதில்லை. தமிழில் தனி மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கண விதி. இங்கிலீஷிலோ எஸ், டி, ஆர் என்று மூன்று மெய் ஒட்டிக்கொண்டு முதலிலேயே வருகிறது. நம் நாக்கு தமிழ் இலக்கணப்படி முன்னால் ஒரு 'இ' போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். பழகுவதற்கு ஒரு வழி உண்டு. முதலில் பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டுங்கள். நிறுத்தாமல் 'ட்ரகிள்' என்று சேருங்கள். 10 தடவை சொன்னால் வந்துடும்.

3. பின்னால் வரும் சின்னச் சொல்

இதுதான் முக்கியமான பகுதி. 'ஸ்ட்ரகிள்' தனியாக நின்றால் பொருள் முழுசாக வராது. பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். அது மாறினால் பொருளும் மாறும். நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

அ) ஸ்ட்ரகிள் டு. இதன் பின்னால் ஒரு வினைச்சொல் வரும். ஒரு செயலைச் செய்யச் சிரமப்படுவது.
'தி பாய் ஸ்ட்ரகிள்ட் டு லிஃப்ட் தி சாக்.' பையன் மூட்டையைத் தூக்கச் சிரமப்பட்டான்.

ஆ) ஸ்ட்ரகிள் வித். இதன் பின்னால் பெயர்ச்சொல் வரும். ஒரு பொருளோடு அல்லது பாடத்தோடு மல்லுக்கட்டுவது.
'மை பிரதர் ஸ்ட்ரகிள்ஸ் வித் ஃப்ராக்‌ஷன்ஸ்.' என் தம்பி பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறான்.

இ) ஸ்ட்ரகிள் ஃபார். ஒன்றை அடைவதற்காகப் போராடுவது.
'தே ஸ்ட்ரகிள்ட் ஃபார் ஃப்ரீடம்.' அவர்கள் விடுதலைக்காகப் போராடினார்கள்.

ஈ) ஸ்ட்ரகிள் அகெய்ன்ஸ்ட். ஒன்றை எதிர்த்துப் போராடுவது.
'தே ஸ்ட்ரகிள்ட் அகெய்ன்ஸ்ட் அன்டச்சபிலிட்டி.' அவர்கள் தீண்டாமையை எதிர்த்துப் போராடினார்கள்.

இப்போது தமிழைக் கவனியுங்கள். 'கணக்கோடு' என்பதில் 'ஓடு' வந்தது. அது 'வித்'. 'விடுதலைக்காக' என்பதில் 'க்காக' வந்தது. அது 'ஃபார்'. 'எதிர்த்து' என்பது 'அகெய்ன்ஸ்ட்'. அவர்கள் சொல்லுக்குப் பின்னால் தனியாக வைப்பதை நாம் பெயரோடு ஒட்டி வைக்கிறோம். தமிழ் இலக்கண வகுப்பில் வேற்றுமை உருபு படிக்கும்போது தூங்காமல் இருந்தால் இங்கிலீஷும் சுலபமா வரும் போல!

ஒரு எச்சரிக்கை. 'ஐ ஸ்ட்ரகிள் தி ப்ராப்ளம்' என்று எழுதக் கூடாது. 'வித்' கட்டாயம் வேண்டும். தமிழில் 'கணக்கைப் போராடினேன்' என்று யாராவது சொல்வோமா? அதே மாதிரிதான்.

இந்தச் சொல் பெயர்ச்சொல்லாகவும் வரும். 'இட் வாஸ் எ லாங் ஸ்ட்ரகிள்.' அது ஒரு நீண்ட போராட்டம்.

4. வரலாற்றிலும் அறிவியலிலும் இந்தச் சொல்

'ஃபார்' என்பதற்கு நம் மாவட்டத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தே போனார்கள். அவர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அவர் 1888-இல் நம்ம நாமக்கல் பக்கம் மோகனூரில் பிறந்தவர். இது 'ஸ்ட்ரகிள் ஃபார் ஃப்ரீடம்'.

'அகெய்ன்ஸ்ட்' என்பதற்கு வைக்கம். இன்றைய கேரளாவில் உள்ள அந்த ஊரில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒதுக்கப்பட்ட மக்கள் நடக்கவே கூடாது என்று தடை இருந்தது. அதை எதிர்த்து 1924, 1925-ஆம் ஆண்டுகளில் போராட்டம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்க் கலந்துகொண்டு சிறை சென்றார். அவருடைய மனைவி நாகம்மையாரும் போராடினார். தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அறிவியலுக்கு வருவோம். சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் மூன்றாவது அத்தியாயத்தின் தலைப்பே 'ஸ்ட்ரகிள் ஃபார் எக்ஸிஸ்டென்ஸ்'. வாழ்வதற்கான போராட்டம். இதைக் கேட்டதும் புலியும் மானும் சண்டை போடுவதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் டார்வின் இந்தச் சொல்லை விரிந்த பொருளில்தான் பயன்படுத்துவதாக அங்கேயே விளக்குகிறார். பாலைவனத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு செடி வறட்சியை எதிர்த்து உயிருக்குப் போராடுகிறது என்று சொல்லலாம் என்கிறார். செடிக்குக் கையில்லை, காலில்லை, கோபமும் இல்லை. சும்மா நிற்கிறது. ஆனாலும் அது 'ஸ்ட்ரகிள்'தான். மழை பெய்யாத வருஷம் நம்ம பக்கத்து மானாவாரிக் காட்டில் சோளப்பயிர் நிற்குமே, அதைப் பார்த்தால் டார்வின் சொன்னது புரியும்.

5. சொந்தக்காரச் சொற்கள்

இனி ஒத்த சொற்களைப் பார்ப்போம். கல்யாண வீட்டுக்கு வரும் சொந்தக்காரங்க மாதிரி ஒவ்வொருத்தருக்கும் ஒரு குணம் இருக்கிறது.

ஸ்ட்ரைவ்: நல்ல குறிக்கோளை மனசில் வைத்துப் பெரு முயற்சி செய்வது. 'ஷி ஸ்ட்ரைவ்ஸ் டு பி எ டாக்டர்.' இதில் கஷ்டத்தை விடக் குறிக்கோள்தான் பெரிசாகத் தெரியும். இதன் இறந்தகாலம் 'ஸ்ட்ரோவ்'. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசுகிறவர்களுக்குப் பிடித்த சொல்.

ஸ்ட்ரெயின்: உடம்பில் ஒரு பாகத்தை அளவுக்கு மேல் வருத்துவது. மங்கலான வெளிச்சத்தில் படித்தால் 'ஐ ஸ்ட்ரெயின் மை ஐஸ்'. டீ வடிகட்டியை 'ஸ்ட்ரெயினர்' என்று சொல்வார்கள். ஸ்பெல்லிங் ஒன்றுதான், பொருளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ரெஸ்ல்: நேரடிப் பொருள் மல்யுத்தம். ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டுவதற்கும் சொல்லலாம். பின்னால் 'வித்' வரும். ஸ்பெல்லிங்கில் முதலில் ஒரு 'டபிள்யு', நடுவில் ஒரு 'டி'. இரண்டுமே வாயைத் திறக்காது.

கிராப்பிள்: கொக்கி போட்டு இழுப்பது போல ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மல்லாடுவது. இதற்கும் 'வித்'தான். பெரிய பிரச்சினைகளுக்குச் செய்தித்தாளில் அதிகம் வரும். 'தி வில்லேஜ் கிராப்பிள்ஸ் வித் வாட்டர் ஸ்கேர்சிட்டி.' கிராமம் தண்ணீர்ப் பஞ்சத்தோடு மல்லாடுகிறது.

டாயில்: நாள் முழுக்க உடம்பு நோக உழைப்பது. தமிழில் 'பாடுபடு'. வெயிலில் மஞ்சக்காட்டில் கிழங்கு வெட்டுகிறவர்கள், வேக வைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பிக் காயப் போடுகிறவர்கள், குச்சிக்கிழங்கு பிடுங்குகிறவர்கள், இவர்கள் செய்வதெல்லாம் 'டாயில்'. 'தே டாயில் இன் தி ஃபீல்ட்ஸ் ஃப்ரம் மார்னிங் டில் ஈவ்னிங்.' நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கு இந்த வார்த்தை பொருந்தும்.

லேபர்: இதுவும் உழைப்புதான். ஆனால் மெதுவாக, பாரத்தோடு முக்கி முக்கிப் போவதற்கும் வரும். கொல்லிமலைக்குப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு! கூட்டத்தை ஏற்றிக்கொண்டு உறுமிக்கொண்டே ஏறுமே, 'தி பஸ் லேபர்ட் அப் தி ஹில்'.

ஃப்ளவுண்டர்: சேற்றில் கால் மாட்டிக்கொண்டவர் மாதிரித் தத்தளிப்பது. திடீரென்று கேள்வி கேட்டால் பதில் தெரியாமல் 'அது வந்து... வந்து...' என்று இழுப்பதும் 'ஃப்ளவுண்டர்'தான். இதில் வழி தெரியாத தவிப்பு இருக்கிறது.

கோப்: 'கோப் வித்' என்றால் சமாளிப்பது. கஷ்டம் இருக்கிறது, ஆனாலும் ஆள் தாக்குப் பிடிக்கிறார். ஒருவிதத்தில் 'ஸ்ட்ரகிள்' என்ற வீட்டிலிருந்து வெளியே வந்து வாசலில் நிற்கிற சொல் இது.

சஃபர்: இது சொந்தம் இல்லை, பக்கத்து வீடு! 'சஃபர்' என்றால் துன்பத்தை அனுபவிப்பது. 'ஹி சஃபர்ஸ் ஃப்ரம் ஃபீவர்.' அவனுக்குக் காய்ச்சல். காய்ச்சல் அவனுக்கு வருகிறது, அவன் எதுவும் செய்யவில்லை. 'ஸ்ட்ரகிள்' என்றால் அவன் ஏதோ செய்கிறான். இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள்.

6. தூக்கினானா, இல்லையா?

மேலே 'தி பாய் ஸ்ட்ரகிள்ட் டு லிஃப்ட் தி சாக்' என்று பார்த்தோம். இப்போது ஒரு கேள்வி. பையன் மூட்டையைத் தூக்கினானா, இல்லையா?

என் வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் 'தூக்கினான்' என்றார்கள். பாதிப் பேர் 'தூக்கலை' என்றார்கள். சரியான விடை: தெரியாது! அந்த வாக்கியம் அதைச் சொல்லவே இல்லை.

தமிழில் நாம் பெரும்பாலும் முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுவோம். 'தூக்க முடியாமல் திணறினான்' என்றால் தூக்கவில்லை. 'சிரமப்பட்டுத் தூக்கினான்' என்றால் தூக்கிவிட்டான். அம்மாயிகிட்ட ஒரு கதை கேட்டால்கூட 'அல்லாடி அல்லாடி எப்படியோ கரை சேந்துட்டான் கண்ணு' என்று முடிவையும் சேர்த்துத்தான் சொல்லுவாங்க. ஆனால் இங்கிலீஷ் 'ஸ்ட்ரகிள்ட் டு' கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறது. முடிவைச் சொல்ல வேறு சொல் வேண்டும்.

'ஹி மேனேஜ்ட் டு லிஃப்ட் இட்.' எப்படியோ தூக்கிவிட்டான்.
'ஹி ஃபெயில்ட் டு லிஃப்ட் இட்.' தூக்கவில்லை.
'ஹி ஸ்ட்ரகிள்ட் டு லிஃப்ட் இட்.' முயன்றான். அடுத்த வரியைப் படி.

ஆகவே மொழிபெயர்க்கும்போது அடுத்த வரியைப் படிக்காமல் 'முடியவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். கஷ்டப்படுகிறவர் தோற்றுவிட்டார் என்று நாமே முடிவு கட்டியதாக ஆகிவிடும்.

நம் பக்கத்துச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு அவர்களை எல்லோருக்கும் தெரியும். 5 வயதில் பஸ் மோதி அவருடைய வலது கால் பாதிக்கப்பட்டது. அந்த வயதில் அவரைப் பற்றி எழுதினால் 'ஸ்ட்ரகிள்' என்று எழுதலாம். ஆனால் அதோடு முற்றுப்புள்ளி வைத்திருந்தால்? அடுத்த வரிகள் இவை. 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி. 2024-இல் பாரிஸில் வெண்கலம். அடுத்த வரியைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

7. 'வீக்' என்ற சொல்லும் 'ஸ்ட்ரகிள்' என்ற சொல்லும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். கணக்கில் கெட்டிக்காரி. கோலத்தில் 21 புள்ளி வைத்தால்கூட ஒரு புள்ளி தப்பாது. ஆனால் இங்கிலீஷ் ரீடிங் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் ஒருவர் 'இவ இங்கிலீஷ்ல வீக்' என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து ரீடிங் நேரத்தில் அவள் தலை நிமிர்வதே இல்லை. 'நான்தான் வீக்காச்சே, எதுக்குடி படிக்கச் சொல்றே' என்று என்னிடமே சொன்னாள்.

இலக்கணப்படி யோசித்துப் பார்த்தேன். 'வீக்' என்பது பெயரடை. ஒருத்தர் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறது. குட்டை, நெட்டை, கறுப்பு, சிவப்பு என்பது போல ஆள் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. 'ஸ்ட்ரகிள்' என்பது வினைச்சொல். ஒருத்தர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று சொல்கிறது. வினைச்சொல்லுக்குக் காலம் உண்டு. இன்று 'ஷி ஸ்ட்ரகிள்ஸ்'. ஒரு நாள் அது 'ஷி ஸ்ட்ரகிள்ட்' என்று இறந்தகாலம் ஆகும். 'வீக்' என்ற சொல்லில் அந்த மாதிரி காலம் காட்டும் உறுப்பே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. 'வீக்' என்றால் எதில், எந்த இடத்தில் என்று தெரியாது. 'ஸ்ட்ரகிள்' போட்டால் பின்னால் 'வித்' போட வேண்டும். 'வித்' போட்டவுடனே 'எதோடு?' என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியை என் தோழியிடம் கேட்டேன். 'எதோடடி கஷ்டப்படறே?' என்று. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. எல்லா வார்த்தையும் கஷ்டமில்லை. எழுத்து இருந்தும் ஓசை வராத வார்த்தைகள்தான் அவளை மறித்தன. 'ஐலண்ட்' என்பதில் ஒரு 'எஸ்', 'நைஃப்' என்பதில் ஒரு 'கே', 'ரெஸ்ல்' என்பதில் மேலே சொன்ன இரண்டு எழுத்து. எழுத்துக்கூட்டி வாசித்தால் இவை வராது. தமிழில் எழுதியதை எழுதியபடியே வாசித்துப் பழகிய நமக்கு இது தடுக்கத்தான் செய்யும்.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் இந்த மாதிரி 5 வார்த்தை எழுதிப் பார்க்கிறோம். வாயைத் திறக்காத எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிடுகிறோம். போன வாரம் அவளே கையைத் தூக்கி ஒரு பத்தி வாசித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நின்றாள். நின்றுவிட்டு மறுபடி போனாள். யாரும் சிரிக்கவில்லை.

அதனால் என் வேண்டுகோள் இது. ஆசிரியப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரேங்க் கார்டிலோ நோட்டிலோ 'வீக் இன் இங்கிலீஷ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஸ்ட்ரகிள்ஸ் வித் ஸ்பெல்லிங்', 'ஸ்ட்ரகிள்ஸ் வித் லாங் வேர்ட்ஸ்' என்று எழுதலாமா? எதைச் சரி செய்யணும் என்று எங்களுக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிற அப்பா அம்மாவுக்கும் கேட்டுச் சொல்ல முடியும். தோழர் தோழியருக்கும் ஒரு வேண்டுகோள். 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று சொல்வதை நிறுத்திவிட்டு, 'வித்' போட்டு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'ஐ ஸ்ட்ரகிள் வித்...' என்று ஆரம்பித்து, மீதியை நீங்களே நிரப்புங்கள். எழுதிய தாளைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் காட்டுங்கள். உங்களை மறிக்கிற இடம் அவருக்குச் சுலபமாக இருக்கலாம்.

அடுத்த வருஷம் நமக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இங்கிலீஷ் தாளின் ஆரம்பத்திலேயே ஒத்த சொல் கேள்விகள் வரும். கோடு போட்ட சொல்லை மட்டும் பார்க்காமல் முழு வாக்கியத்தையும் படித்து, உடம்புக் கஷ்டமா, மனசுக் கஷ்டமா, குறிக்கோளா, எதிர்ப்பா என்று கேட்டுக்கொண்டால் சரியான ரகத்தை எடுத்துவிடலாம்.

8. பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புக. (டு, வித், ஃபார், அகெய்ன்ஸ்ட், டாயில், லேபர்ட்)

1. மை கிராண்ட்மதர் ஸ்ட்ரகிள்ஸ் ____ த்ரெட் தி நீடில்.
2. தி ஃபார்மர்ஸ் ____ இன் தி டர்மரிக் ஃபீல்ட்ஸ்.
3. தி பீப்பிள் ஆஃப் வைக்கம் ஸ்ட்ரகிள்ட் ____ அன்டச்சபிலிட்டி.
4. தி ஓல்ட் லாரி ____ அப் தி ஹில்.
5. ஐ ஸ்ட்ரகிள் ____ ஸ்பெல்லிங்.
6. காந்தி ஸ்ட்ரகிள்ட் ____ ஃப்ரீடம்.

விடைகள் இந்தத் தாளின் அடியில் தலைகீழாக எழுதப்பட்டுள்ளன. முதலில் நீங்களே எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் குனிந்து பாருங்கள். கழுத்து 'ஸ்ட்ரெயின்' ஆனால் நான் பொறுப்பில்லை!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,

நாமகிரிப்பேட்டை.

(விடைகள்: 1. டு 2. டாயில் 3. அகெய்ன்ஸ்ட் 4. லேபர்ட் 5. வித் 6. ஃபார்)